அக்காவின் மாட்டை அவிழ்த்த நாள்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அப்படிப்பட்டவன் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டு, ஏரி உடைகிற மாதிரி இருந்தால் ஊதி ஊரைக் கிளப்பு என்றார்கள். இரண்டு நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து கொடுத்த வேலை என்பதால் மறுப்பதற்கும் பயம்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. ஐரோப்பாவில் ஒரு குளிர்நாட்டு அரசும் நம் அரசும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தன. இனி மழை முன்போலப் பெய்யாது, பெய்தால் கொட்டித் தீர்க்கும், இல்லையென்றால் ஒரேயடியாகப் பொய்த்துவிடும், இரண்டுக்கும் ஊர்களைத் தயார் செய்ய வேண்டும் என்றார்கள். வேங்கிக்காலுக்கு அப்பால், ஏரிக்கரைக்கு நேர் கீழே இருந்தது எங்கள் தெரு. அதனால் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு ஊர் அமைப்பாளர் பதவி கிடைத்தது.

அவ்வப்போது ஒத்திகை நடக்கும். ஜீப்பில் நம் அதிகாரிகளும், ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் ஒரு ஸ்ட்ரெச்சரோடு வருவார்கள். நான் விசில் ஊதியதும் தெருவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும். போட்டோ எடுப்பார்கள் என்பதால் பெண்கள் நல்ல புடவையில் வருவார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு புளிசாதப் பொட்டலம். என் அக்காவுக்குச் சின்ன வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. அதனால் ஸ்ட்ரெச்சரில் படுக்கிற வேஷம் எப்போதும் அவளுக்குத்தான். கூட்டம் கலைந்ததும் ஸ்ட்ரெச்சர் ஜீப்பிலேயே திரும்பிப் போய்விடும்.

"ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க மலையப் பாக்க வர்றாங்க. இவங்க என் காலப் பாக்க வர்றாங்க" என்பாள் அக்கா.

ஒரு கார்த்திகையில், தீபம் முடிந்த வாரம், புயல் மழை பிடித்துக்கொண்டது. மலை கண்ணுக்கே தெரியவில்லை. காலையில் ஏரிக் காவல்காரர் என்னை அழைத்துப் போய்க் கரையின் அடியைக் காட்டினார். அங்கே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தெளிவாகக் கசிந்தால் பரவாயில்லை, மண்ணோடு வந்தால் ஆபத்து என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இது செக்கச்செவேலென்று வந்தது.

"மத்தியானம் வரைக்கும் தாங்காதுங்க. ஊதிடுங்க" என்றார் அவர்.

தெருவுக்கு ஓடி வந்து ஊதினேன். ஓடி வந்த வேகத்தில் விசில் பல்லில் இடித்தது. கதவுகள் திறந்தன.

"ஜீப்பக் காணோமே?" என்றார் ஒருவர்.

"இரு தம்பி, பொடவ மாத்திக்கினு வர்றேன்" என்றாள் பக்கத்து வீட்டு அண்ணி.

"ஒத்திகை இல்லீங்க, நிஜம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். போன தடவையும் இதையேதான் கத்தினேன். அப்படிக் கத்தச் சொல்லி ஒத்திகையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்குள் அக்கா கட்டிலை விட்டு அசையவில்லை.

"எடுத்த போட்டோ பத்தாதா? நான் வரலடா."

"அக்கா, கரை கசியுது. நானே தூக்கிக்கினு போறேன், வா."

"போன தபாவும் இதே மூஞ்சிய வெச்சிக்கினுதான் நின்ன."

அவள் சொன்னது சரிதான். என் முகம் எப்போதுமே பயந்த முகம். அதைப் பார்த்து அவள் எதைக் கண்டுபிடிப்பாள்? வலுக்கட்டாயமாகத் தூக்கப் போனேன், பிடித்துத் தள்ளினாள். வெள்ளத்துக்குள் அந்தக் கட்டிலும் அவளுமாகக் கிடப்பது என் கண்ணுக்குள் வந்து போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்ன தோன்றியதோ, பின்பக்கம் ஓடி அவள் மாட்டை அவிழ்த்தேன். அந்த ஒற்றை மாட்டுப் பாலில்தான் அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தாள். எந்த ஒத்திகையிலும் எங்கள் தெருவில் யாரும் மாட்டை அவிழ்த்ததில்லை. அவிழ்த்த மாடு யார் பயிரில் வாய் வைக்குமோ, எந்தக் கிணற்றில் விழுமோ. ஒரு போட்டோவுக்காக அந்த வம்பை விலைக்கு வாங்க யாருக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை. கன்றையும் அவிழ்த்து முதுகில் ஓங்கித் தட்டினேன். இரண்டும் மழைக்குள் ஓடின.

அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது.

"டேய், மாட்டயா அவுத்துட்ட?"

"ஆமாக்கா."

"அப்ப நிஜந்தானாடா?"

சின்னக் குழந்தைபோல இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள். முதுகில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முன்னால் போன மாட்டைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தெரு நெடுகக் கயிறுகள் அவிழ்ந்தன. அண்ணி கட்டிய துணியோடு ஓடி வந்தாள். சாப்பாட்டு வேளைக்குள் கரை உடைந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்று எங்கள் தெரு செந்நிறத் தண்ணீரில் முழுகுவதைப் பார்த்தோம். உயிர்ச்சேதம் இல்லை. அக்கா மட்டும் என் கழுத்தைக் கட்டிய கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் இரண்டு நாட்டு அதிகாரிகளும் பாராட்ட வந்தார்கள். மாடு அவிழ்த்த கதையை வெள்ளைக்கார அதிகாரி திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவர் கண் கலங்கியது, நல்ல மனிதர். இரண்டு தரப்பும் கலந்து பேசித் திட்டத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதன்படி அடுத்த ஒத்திகையில் நான் விசில் ஊதியதும் எல்லோரும் முதலில் மாடுகளை அவிழ்த்தார்கள். கொம்புகளுக்கு வர்ணம் பூசியிருந்தது. பயிருக்குள் இறங்காமலிருக்க வழி நெடுக ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். கேமரா மாடுகளின் பின்னாலேயே போனது.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அக்கா, தன் மாடு மாலையும் கழுத்துமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு ஜன்னலில் பார்த்த அதே வெளுத்த முகம்.

"இதயும் ஒத்திகை ஆக்கிட்டாங்களேடா. இன்னொரு தபா நிஜமா வந்தா, நான் எதப் பாத்துடா நம்பறது?"