மிளகாய்ப் பரீட்சையில் பாஸான என் தம்பி

இன்று கிளினிக்கில் தம்பியின் ரிசல்ட் வந்துவிட்டது.

நான் சொன்னதுதான் சரி!

(ஆனால் இதைப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு டைப் செய்கிறேன். காரணம் கடைசியில்.)

எங்கள் வீட்டு ஆண்களுக்கு இரண்டு கோளாறு உண்டு. சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். இன்னொன்று ஜி6பிடி குறைபாடு. அது இருப்பவர்களுக்கு அந்துருண்டை, சில மாத்திரை, சில பயறு ஆகாது. ரத்த அணுக்கள் உடைந்துபோகும்.

அம்மாவின் அண்ணன் சேகர் மாமாவுக்கு இரண்டும் இருக்கிறது. ஈப்போவில் டயர் கடை வைத்திருக்கிறார். ("டயர் எல்லாம் கறுப்புதானே, எனக்கு என்ன பிரச்சனை?" என்பார்.) சின்ன மாமாவுக்கும் இரண்டும்.

அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பையனுக்கு ஐந்து வயதானதும் சேகர் மாமா ஒரு தட்டில் சிவப்பு, பச்சை மிளகாயைக் கலந்து வைப்பார். சிவப்பை மட்டும் பொறுக்க வேண்டும். பொறுக்கிவிட்டால் எல்லாரும் கை தட்டுவார்கள்.

"இவன் கிளியர்லா! கலர் கோளாறு இல்லன்னா ஜி6பிடியும் இல்ல!"

(பரீட்சை நடத்துகிறவருக்கே விடை தெரியாது. அம்மாதான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.)

என் தம்பி முகிலன் பிறந்தது ஆஸ்பத்திரியில் இல்லை. தாப்பா ரோட்டில், அப்பாவின் வேனில். ஆஸ்பத்திரியில் பிறந்தால் உடனே எடுத்துவிடும் ஜி6பிடி டெஸ்டுக்கு அவனை அப்புறமாகக் கூட்டி வரச் சொன்னார்களாம். அம்மா போகவே இல்லை. ஐந்து வயதில் மிளகாய்ப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. அதோடு எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு, அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த ஜிப்பாவைப் போட்டான். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கண் மஞ்சளாக இருந்தது. "வெயில்தான்லா" என்றார்கள். நானும் நம்பினேன்.

இந்த மாதம் எங்கள் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய) வகுப்பில் லிங்கேஜ் பாடம். ஒரே குரோமோசோமில் பக்கத்தில் இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைக்குப் போகும். ஆனால் சில சமயம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது பிரிந்துவிடும். டீச்சர் அதைப் பலகையில் வரைந்தபோது எனக்கு முகிலனின் மஞ்சள் கண்தான் ஞாபகம் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்தால், முகிலன் அந்துருண்டையைக் கோலி மாதிரி உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறான்! சனிக்கிழமை கல்யாணத்துக்கு அம்மா பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

பிடுங்கிப் போட்டேன். நல்ல வேளை, சேகர் மாமாவும் அங்கேதான் இருந்தார். (நல்ல வேளையா?)

"மாமா, உங்க ரெண்டு கோளாறும் ஒரே குரோமோசோம்ல பக்கத்துல பக்கத்துல இருக்கு. அதான் சேர்ந்து வருது."

"அதத்தானே நானும் சொல்றேன். ஜோடிலா!"

"எப்பவும் ஜோடி இல்ல மாமா. அம்மாகிட்ட ரெண்டு எக்ஸ் இருக்கு. ஒண்ணுல ரெண்டு கோளாறும், இன்னொண்ணு நல்லது. கருமுட்டை உண்டாகும்போது ரெண்டும் துண்டு மாத்திக்கும்."

"ஏன் மாத்தணும்? சும்மா இருக்க முடியாதா அதுங்களால?"

"லூமுட் பஸ்ல ரெண்டு கூட்டாளிங்க ஒண்ணா ஏறுறாங்க. எப்பவும் லூமுட்லதான் ரெண்டு பேரும் இறங்குவாங்க. ஒரு நாள் ஒருத்தன் மட்டும் முன்னாடியே ஆயர் தாவார்ல இறங்கிட்டான். லூமுட்ல அவன காணோம்னு, மத்தவனும் வரலன்னு சொல்லுவீங்களா?"

மாமா மீசையைத் தடவினார்.

"ஆயர் தாவார்ல அவனுக்கு என்ன வேல?"

"மாமா!"

"சூடாலா, போதும்! பத்து வருசமா ஓடுற பிள்ளைக்கு இப்ப என்னா டெஸ்டு? போய் டீ போடு."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

அப்போதுதான் அந்தப் பொய் என் வாயிலிருந்து வந்தது.

"அம்மா, எங்க பயோலஜி டீச்சர் கேக்குறாங்க. தம்பியோட ஜி6பிடி ரிசல்ட் வேணுமாம். பாடத்துக்கு."

"டீச்சரா கேட்டாங்க?" அம்மா உடனே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நாளைக்கே போலாம்."

(நான் மரபியல் பாடமே நடத்தினேன். வேலை செய்தது 'டீச்சர்' என்ற ஒரு சொல்!)

இன்று நர்ஸ் அம்மாவிடம் ஒரு அட்டையைக் கொடுத்தார். "குறைவா இருக்குக்கா. அந்துருண்டை வீட்டுல வேணாம். எந்த மருந்து வாங்குனாலும் இத காட்டுங்க. போன வருசம் கண் மஞ்சளானதா சொன்னீங்களே, அப்ப ஏன் கூட்டி வரல?"

அம்மா முகிலனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கவிழ்த்தார். அந்துருண்டை எல்லாம் குப்பைக்குப் போனது. துணியெல்லாம் வாளிக்குள். சனிக்கிழமைக்கு முகிலனுக்குப் புதுச் சட்டை.

சேகர் மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவன் கலர் நல்லா பாக்குறான்லா..." என்றார். பிறகு மெதுவாக, "என் மக வயித்துப் பேரனுக்கும் மிளகாய் வச்சிதான் பாத்தேன். அவன் ரிசல்ட தேடிப் பாக்கச் சொல்றேன்" என்றார்.

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்!

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னார்:

"அந்த டீச்சர் கேக்கலன்னா நம்ம பிள்ள என்னா ஆயிருப்பான்? நாளைக்குக் காலையில நானே ஸ்கூலுக்கு வாரேன். நன்றி சொல்லணும்."

முறுக்கும் சுட்டு முடித்துவிட்டார். பெரிய டின் நிறைய.

டீச்சருக்கு முகிலன் என்று ஒரு பையன் இருப்பதே தெரியாது.

டெஸ்ட் எடுக்க வைத்ததற்கு எனக்கு வருத்தமே இல்லை. பொய்க்கு அடி விழுந்தால் வாங்கிக்கொள்கிறேன். நாளை சாயந்திரம் நானே அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன், சத்தியமாக.

ஆனால் டீச்சர், நீங்கள் இந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். காலை ஏழு மணிக்கு நீலச் சேலையில் ஒரு அம்மா அழுதுகொண்டே வந்து உங்கள் கையைப் பிடிப்பார்.

ப்ளீஸ் டீச்சர், 'எந்தப் பையன்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!