அவள் காதும் என் மேக்னெட்டோவும்

அவளுடைய காதைக் கண்டால் எனக்கு ஆகாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

நாங்கள் இருவரும் பாறசாலையில் ரயிலேறி, விமானம் ஓட்டப் படிக்கிறவர்களின் சிறு விமானங்களைப் பழுது பார்க்கப் போகிறவர்கள். எனக்கு வீடு உதியன்குளங்கரை, அவளுக்கு ஆரியங்கோடு. வேலையில் நான் எட்டு வருஷம் மூத்தவன். அந்த எட்டு வருஷத்தை அவள் வந்த முதல் வாரத்திலேயே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள்.

இந்த எஞ்சின்களுக்குத் தீப்பொறி கொடுப்பது மேக்னெட்டோ, இடதும் வலதுமாக இரண்டு. பிஸ்டன் உச்சிக்கு வர இருபத்தைந்து டிகிரி இருக்கும்போது பொறி விழ வேண்டும். அதைச் சரியாக வைக்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, புரொப்பெல்லரின் மூக்கில் ஒட்டுகிற டிகிரி வட்டு. மற்றது, மேக்னெட்டோவில் வயர் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. பெட்டி இரைந்துகொண்டே இருக்கும். பொறி விழும் இடம் வந்ததும் விளக்கு எரியும், இரைச்சலும் மாறும். புரொப்பெல்லரைக் கையால் திருப்பிக்கொண்டே வட்டையும் விளக்கையும் ஒரே சமயத்தில் பார்க்க என்னால் ஆகாது. விளக்கைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவளுக்கு யாரும் வேண்டாம். சின்ன வயதிலிருந்தே சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். இரைச்சல் இம்மி மாறினால் போதும், அவள் கை நின்றுவிடும்.

தலைமை எஞ்சினியர் வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து இதைக் காட்டுவார். நான் பக்கத்தில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். வயிறு எரியும்.

ஒருநாள் காலையில் அவள் அடுத்த விமானத்தில் வேலையாக இருந்தாள். இடது மேக்னெட்டோவை நானும் தனியாக, காதை வைத்தே சரிசெய்து காட்டுவதென்று வீம்பாக இறங்கினேன். புரொப்பெல்லர் இருபத்தைந்தை மூன்று டிகிரி தாண்டிவிட்டது. தாண்டினால் நன்றாகப் பின்னால் கொண்டுபோய்விட்டுத் திரும்பவும் முன்னால் வர வேண்டும். பல்சக்கரங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருப்பதால், அப்படிச் செய்யாவிட்டால் கணக்குத் தப்பும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். அந்த மூன்று டிகிரியை மட்டும் பின்னால் இழுத்து, மேக்னெட்டோவை முறுக்கிவிட்டேன்.

இன்னொருவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் வெளியே போகும். அவள் பதிவேட்டோடு வந்தாள்.

“அண்ணா, நல்லா பொறத்தால கொண்டுபோயிட்டுத்தானே வச்சிய?”

“பின்ன, எனக்குத் தெரியாதாக்கும்?”

“அண்ணன் சொன்னா போதும்” என்று, பெட்டியை மாட்டாமலேயே கையெழுத்துப் போட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக அவள் வேலையை நான் சோதிக்கிறேன். ஒரு தப்பாவது கிடைக்காதா என்று அரை மணி நேரம் குடைவேன். கிடைத்ததே இல்லை. இவளோ என் வாயைப் பார்த்தே நம்பிவிட்டாள். அதிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது, நன்றி வரவில்லை.

பறக்கப் படிக்கிற பெண் ஒருத்தி ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்து வந்தாள். வெயில் ஏறிவிட்டது. அந்தச் சூட்டில் ஏறும்போது பொறி பிந்தி விழுந்து எஞ்சினுக்குப் பலம் குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் அவளை நிறுத்திவிட்டு, பதிவேட்டோடு நின்றவளிடம் திரும்பினேன்.

“மக்கா, நான் பொய் சொன்னேன். பொறத்தால கொண்டுபோகல்ல.”

அவள் பெட்டியை எடுத்து மாட்டினாள், புரொப்பெல்லரைத் திருப்பினாள். இரைச்சல் மாறியபோது வட்டு மூன்று டிகிரி பிந்தி, இருபத்திரண்டில் நின்றது. தன் கையெழுத்தை அடித்தாள்.

“எதுக்கு அண்ணா?”

“ஒனக்க காது மேல பொறாம.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தலைமை எஞ்சினியரிடம் தானே போய், சோதிக்காமல் கையெழுத்திட்டது தன் தவறு என்று சொன்னாள். என் பொய்யை நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

நாங்கள் வேலை செய்யும் விமானக் கொட்டகையில் எல்லோரோடும் மலையாளம்தான். நாங்கள் இருவர் மட்டும் எங்களுக்குள் தமிழ் பேசிக்கொள்வோம். மறுநாள் நான் வலது மேக்னெட்டோவை முடித்து நிமிர்ந்தபோது அவள் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“சேட்டா, ஞான் ஒந்நு நோக்கட்டே” என்றாள், தான் ஒருமுறை சோதிக்கட்டுமா என்று மற்றவர்களிடம் மலையாளத்தில் கேட்பதுபோலவே.