ஓட்டிப் பாக்காத மெக்கானிக்

சைக்கிள் கடைத் தொழில்ல ஒரே ஒரு சட்டம் தான் உண்டு: ரிப்பேர் பண்ண வண்டிய மெக்கானிக் ஏறி நாலு தெரு ஓட்டிப் பாத்துட்டு தான் கஸ்டமர் கையில குடுக்கணும். கள்ளக்குறிச்சியில அந்த சட்டத்த பதினாலு மாசம் மீறுன ஆளு நான்.

இத போன்ல தான் டைப் பண்றேன். கட்டவெரல் பூரா கிரீஸு. நடுவுல பஞ்சர் வரும், காத்தடிக்க ஆளு வரும், வுட்டுட்டுப் போய்ட்டுப் போய்ட்டு வருவேன், கோச்சிக்காதீங்க. மாடிப்படிக்குக் கீழ சைக்கிள நிறுத்தி, ஹேண்டில் மேல துண்டு காயப்போட்டு, அடுத்த வாரம் எடுக்கணும்னு சொல்லிக்கினே இருக்கறவங்களுக்காக எழுதறேன். நாமல்லாம் ஒரே வார்டு பேஷண்ட்டுங்க. வெயிலு, மழை, முட்டி வலி, டயர்ல காத்து இல்லன்னு உங்களுக்கு நூறு காரணம் இருக்கும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தான் இருந்துச்சி. அத யாருகிட்டயும் சொல்லல.

நைனார்பாளையத்துக்காரர்

நைனார்பாளையத்துலேர்ந்து ஒரு விவசாயி, மல்லாட்ட மூட்ட ஏத்தியாந்த வண்டியிலயே சைக்கிளயும் தூக்கிப் போட்டு எடுத்தாந்தாரு. கடல மூட்டைங்கள மார்க்கெட் கமிட்டியில எறக்கிட்டு நேரா எங்க கடைக்கு. செயின் மாத்தணும், பெடல்ல பால்ரஸ் மாத்தணும். மாத்துனேன். ஸ்டாண்டுல ஏத்தி கையால பெடல சுத்துனேன், சக்கரம் சத்தமில்லாம சுத்துச்சி. பிரேக் புடிச்சேன், நின்னுச்சி. எறக்கி அவரு கிட்ட குடுத்துட்டேன்.

அவரு வாங்கல. "ஓட்டிப் பாரு தம்பி"ன்னாரு. நான் முட்டி வலின்னேன். கடை ஓனர் செல்விக்கா கல்லாவுலேர்ந்து திரும்பி என் முட்டியப் பாத்துச்சி. முந்தா நேத்து காச்சல்னு சொன்னேன், அதுக்கு முந்தி செருப்பு அறுந்துடிச்சின்னு சொன்னேன், அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. பெரியவரு வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு, சீட்டத் தட்டுனாரு, அப்பறம் சொன்னாரு: "ஆக்குனவ வாயில வெக்காத சோத்த பந்தியில போட்டா, எப்புடிப்பா நம்பி குந்தறது?"

புளியமரத்தடி

சரி, அந்த ஒரு காரணத்த சொல்லிடறேன். இத எழுதறதுக்கு தான் மத்தது எல்லாத்தையும் எழுதறேன்.

நானும் குமரேசும் எட்டாவதுலேர்ந்து ஒண்ணா ஓட்டுனவங்க. அவன் ஃப்ளெக்ஸ் அடிக்கற கடையில வேல பாக்கறான். ஞாயித்துக்கெழம விடியக்காலம் கெளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி டேம் தாண்டி, மலையேறி கரியாலூர் போவோம். மேல ஒரு டீ, அப்பறம் எறக்கம். அந்த எறக்கத்தப் பத்தி எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், அதனால ஆரம்பிக்கல.

ஊரான் சக்கரத்துக்கெல்லாம் பெண்டு எடுத்து நேராக்கித் தர்ற மெக்கானிக்குக்கு, சொந்த வண்டி ரிம் மட்டும் பெண்டாவே கெடக்கும். கூட்டாளி வண்டிக்கும் அதே கதி தான். ரிம் பெண்டா இருந்தா பிரேக் ரப்பர் ஒரசும். சமதரையில தெரியாது, மலை ஏத்தத்துல முதுகுல ஒரு ஆளு குந்திக்கினு வர்ற மாதிரி இழுக்கும். அதுக்கு எங்க ஆளுங்க கிட்ட ஒரு பழக்கம். அடிவாரத்துல புளியமரத்தடியில எறங்கி, பின் பிரேக் கம்பிய கொக்கியிலேர்ந்து கழட்டி வுட்டுடுவோம். சக்கரம் காத்தாட்டம் போவும். மேல போனதும் திரும்ப மாட்டிக்குவோம். ரெண்டு வண்டிக்கும் கழட்டறதும் மாட்டறதும் என் வேல, மெக்கானிக் நான் தானே.

கடைசியா போன அன்னிக்கி கரியாலூர்ல பலாப்பழம் வாங்கித் துன்னோம். என் வண்டிக்கு கொக்கிய மாட்டுனேன். கையில பலாப்பால் பிசுபிசுன்னு ஒட்டுச்சி. கழுவலாம்னு குழாய்க்குப் போனேன். வந்து நேரா என் வண்டியில ஏறிட்டேன். அவ்ளோ தான் நடந்தது. மூணாவது வளைவுல குமரேசு பின் பிரேக்க புடிச்சிருக்கான், ஒண்ணும் புடிக்கல. முன் பிரேக்க ஒரேயடியா அமுக்கிட்டான். சக்கரம் நின்னுச்சி, அவன் நிக்கல. தோள்பட்ட எலும்பு, எடது முழங்கை.

ஆஸ்பத்திரியில அவங்கம்மா இன்னாடா ஆச்சின்னு கேட்டுக்கினு அழுவுது. நான் கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கறேன். சொல்லணும்னு வாயத் தொறந்தேன், காத்து தான் வந்துச்சி. குமரேசு என்னைப் பாத்தான், அப்பறம் அவங்கம்மா பக்கம் திரும்பி சொன்னான்: "நான் தாம்மா ஸ்பீடா வந்துட்டேன்."

காத்தடிக்கப் போன கதை

இருங்க, ஒரு ட்யூப் வந்துருக்கு.

வந்துட்டேன். அதுக்கப்பறம் நான் சைக்கிள் மேல ஏறல. அவங்க வூட்டுப் பக்கமும் போவல. மொத வாரம் பயம், ரெண்டாவது வாரம் வெக்கம், அப்பறம் இவ்ளோ நாள் போவாம இப்ப எப்புடிப் போறதுன்னு ஒண்ணு. சைக்கிள் ஓட்டாம வுட்டவங்களுக்கு இந்த மூணாவது நல்லா தெரியும். ஒரு வாரம் வுட்டா ஏறிடலாம். ஒரு மாசம் வுட்டா, வண்டியே நம்மள மொறைக்கற மாதிரி இருக்கும்.

ஆறு மாசம் கழிச்சி ஒரு நாள் வைராக்கியமா என் வண்டிய எடுத்தேன். தொடச்சேன், எண்ணெய் போட்டேன், காத்து அடிச்சேன். கச்சிராயபாளையம் ரோட்டுல ஒரு சின்னப் பாலம் இருக்கு, அதுக்கு அப்பால லேசா ஒரு எறக்கம். எறக்கம்னு கூட சொல்ல முடியாது, தண்ணி ஊத்துனா யோசிச்சி தான் ஓடும். அது வரைக்கும் தள்ளிக்கினே போனேன். ஏறி குந்தலாம்னு கால தூக்குனேன். ரெண்டு கையும் பிரேக்க இறுக்கிப் புடிச்சிக்கினு வுடவே மாட்டேங்குது. கொக்கி மாட்டியிருக்கான்னு எறங்கிப் பாத்தேன். மாட்டித் தான் இருந்துச்சி. மறுபடி பாத்தேன். நாலாவது வாட்டி பாத்துட்டு, அப்புடியே தள்ளிக்கினு திரும்பிட்டேன்.

கடை வாசல்ல செல்விக்கா ஸ்போக்ஸ் கட்டு பிரிச்சிக்கினு இருந்துச்சி. டயர்ல மண்ணு இருக்கு, என் சட்டையில வேர்வை இல்ல. தலைய நிமுத்தாமயே கேட்டுச்சி: "இன்னாடா, டயருக்கு ஊரச் சுத்திக் காட்டிட்டு வந்துட்டியா?"

கருணாபுரத்து அக்கா

கருணாபுரத்துலேர்ந்து ஒரு அக்கா வந்துச்சி. ஹாஸ்டல்ல சமையல் வேல. பொண்ணுக்கு பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிளு சும்மா நிக்குது, அதுல வேலைக்குப் போவலாம்னு எண்ணம். சின்ன வயசுல ஓட்டுனதாம். கண்ணாலத்துக்கு அப்பறம் தொடல, இருவது வருசம் ஆவுதாம். வண்டிய சரி பண்ணிக் குடுத்தேன். "பின்னால புடிச்சிக்க தம்பி, ரெண்டு சுத்து வந்துட்டேன்னா தைரியம் வந்துடும்"ன்னுச்சி.

கடைக்குப் பின்னால காலி மனை. கேரியர புடிச்சிக்கினு நான் பின்னாலயே ஓடுனேன். ரெண்டு வாட்டி வுழுந்துச்சி. பொடவைய ஒதறிக்கினு எழுந்து, வண்டிக்கி அடியான்னு தான் மொதல்ல பாத்துச்சி. மூணாவது வாட்டி நான் கைய வுட்டது அதுக்குத் தெரியல. போய்க்கினே இருந்துச்சி. மனை ஓரத்துல வேலி வந்ததும் தான் திரும்பிப் பாத்துச்சி, நான் அம்பதடி பின்னால இடுப்புல கைய வெச்சிக்கினு நிக்கறேன்.

எனக்கு அவ்ளோ சந்தோசம். அடுத்த ஆறு நாளும் காலைல வந்துச்சி, நானும் ஆறு நாளும் பின்னாலயே ஓடுனேன். ஏழாவது நாள் ஹாஸ்டல் வரைக்கும் கூட வர சொல்லுச்சி, அதுக்கும் ஓடுனேன். ஹாஸ்டல் கேட்டுல காலூணி நின்னு, நான் வாங்கற மூச்சப் பாத்து சொல்லுச்சி: "ஏன் தம்பி, சைக்கிள் கடையில வேல பாத்துக்கினு நீ இன்னாத்துக்கு கால்நடையா ஓடியாற?"

ஆட்டுக் கொட்டாயிலேர்ந்து வந்த வண்டி

பதினாலாவது மாசம். மத்தியானம். நான் ஒரு டயரக் கழட்டிக்கினு குனிஞ்சிருந்தேன். எதுக்கால ஒரு சக்கரம் வந்து நின்னுச்சி. ரிம் பெண்டு. அந்த பெண்டு எனக்குத் தெரியும்.

குமரேசு. வலது கையால வண்டியத் தள்ளிக்கினு வந்துருந்தான். எடது கை முழுசா நீள மாட்டேங்குது, முழங்கையில லேசா மடங்கியே நிக்குது. இத்தினி நாளா வண்டி ஆட்டுக் கொட்டாயில கெடந்துச்சாம், சீட்டு மேல புழுக்க காஞ்சி ஒட்டியிருந்துச்சி. "கைய நீட்டி மடக்கிக்கினே இருன்னு டாக்டர் சொல்றாரு. ஹேண்டில் புடிச்சா தானா நீளும்னு தோணுது. ரெடி பண்ணிக் குடு"ன்னான். நேத்து தான் பாத்துட்டுப் போன மாதிரி பேசுனான்.

ஸ்டாண்டுல ஏத்துனேன். பின் பிரேக் கம்பி தொங்குது. நான் புளியமரத்தடியில கழட்டி வுட்ட மாதிரியே, துரு புடிச்சி. யாரும் தொடல. அத கையில புடிச்சிக்கினே சொன்னேன், "குமரேசு, நான் தான்டா. கை கழுவப் போனேன், உன் வண்டிக்கி மாட்ட மறந்துட்டேன். நீ ஸ்பீடா வரல."

செல்விக்கா ரேடியோவ கம்மி பண்ணுச்சி.

"தெரியும்"ன்னான் குமரேசு. "ரோட்டுல வுழுந்து கெடக்கறேன், மூஞ்சிக்கி நேரா அந்தக் கம்பி தான் ஆடிக்கினு இருந்துச்சி."

"அப்பறம் ஏன்டா உங்கம்மா கிட்ட அப்புடி சொன்ன?"

"நீ பக்கத்துல தான நின்ன. மூஞ்சி வெளுத்துப் போயி. சரி, வூட்டுக்கு வந்து நீயே சொல்லுவன்னு வுட்டேன்."

அவன் அந்த மடங்குன கையால சீட்டு மேல ஒட்டியிருந்த புழுக்கய தட்டி வுட்டுக்கினு இருந்தான். ரொம்ப நேரம் தட்டுனான். அப்பறம் தான் கோவமா சொன்னான், அவ்ளோ நாள்ல அந்த ஒரு வாட்டி தான் கோவம்: "கொக்கி மாட்ட மறந்துட்ட சரி, எங்க வூட்டுக்கு வழி கூடவாடா மறந்துட்ட?"

நாலு தெரு

அன்னிக்கி வேற வேல எதுவும் பாக்கல. அவன் ரிம்ம பெண்டு எடுத்தேன். ஸ்போக்ஸ ஒவ்வொண்ணா திருகி, சக்கரம் கத்தியாட்டம் நேரா சுத்தற வரைக்கும் வுடல. ரெண்டு பிரேக்குக்கும் புது கம்பி. கொக்கிய மாட்டி இழுத்து இழுத்துப் பாத்தேன். எறக்கி அவன் கிட்ட குடுத்தேன். அவன் கைய கட்டிக்கினு நிக்கறான், சரியா கட்ட வரல, இருந்தாலும் கட்டிக்கினு நிக்கறான். "ஓட்டிப் பாத்து குடு. கடை சட்டம் அது தான"ன்னான்.

ஏறுனேன். மொத தெருவுல மட்டும் பின் பிரேக்க பத்து தடவ புடிச்சிருப்பேன், பின்னால வந்த பால்காரரு திட்டிக்கினே போனாரு. ரெண்டாவது தெருவுல கொறைஞ்சிச்சி. கை தானா பிரேக்க வுட்டது எங்கன்னு எனக்கே தெரியல, பாத்தா கச்சிராயபாளையம் ரோட்டுல பாலத்துக்கு அப்பால இருக்கேன். எறக்கத்துல எறங்கிட்டேன் போலருக்கு. அங்க வண்டிய ஓரங்கட்டி கொஞ்ச நேரம் நின்னேன். மூஞ்சிய சட்டையில தொடச்சிக்கினேன். கிரீஸு அப்பிக்கிச்சி.

திரும்பி வந்தப்ப குமரேசு ஸ்டூல்ல குந்திக்கினு ரெண்டாவது டீ குடிச்சிக்கினு இருந்தான். செல்விக்கா என் மூஞ்சியப் பாத்துச்சி, கடிகாரத்தப் பாத்துச்சி. கந்தத் துணிய எடுத்து எங்கிட்ட வீசிட்டு சொல்லுச்சி: "நாலு தெருவுக்கு முக்கா மணி நேரம்னா, இனிமே காலைல எட்டு மணிக்கே கடைய தொறக்கணும்டா."

கரியாலூர்

மொத ஞாயித்துக்கெழம டேம் வரைக்கும் தான் போனோம். அதுக்கே நாக்கு தள்ளிடிச்சி. ரெண்டாவது வாரம் ரெண்டு வளைவு ஏறி, வண்டிய சாய்ச்சிட்டு ரோட்டோரம் படுத்துட்டோம். குமரேசுக்கு கை வலி, எனக்கு எல்லாமே வலி. விட்ட எடத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அதுக்கு ரொம்பப் பின்னால போயி தான் ஆரம்பிக்கணும்.

மூணாவது வாரம் புளியமரத்தடியில பழக்க தோசத்துல ரெண்டு பேரும் எறங்கிட்டோம். அவன் வண்டி ரிம்ம நேராக்கிட்டேன், ஒரசாது. என் வண்டி ரிம் இன்னும் பெண்டு தான், அத எடுக்க எனக்கு எங்க நேரம். கை தானா கொக்கிக்குப் போச்சி. குமரேசு பாத்துக்கினே நின்னான். நான் கைய எடுத்துட்டேன். மலை பூரா என் வண்டி கீச்சுகீச்சுன்னு கத்திக்கினே ஏறுச்சி. முதுகுல ஆளு குந்திக்கினு தான் வந்துச்சி. வரட்டும்னு வுட்டுட்டேன்.

கரியாலூர்ல பலாப்பழம் விக்கற அம்மா, வளைவுக்கு அந்தாண்ட வர்றப்பவே எங்க சத்தத்தக் கேட்டுட்டு எழுந்து நின்னு பாத்துக்கினு இருந்துச்சி. வண்டிய நிறுத்துனதும் குமரேசு குனிஞ்சி, அந்த மடங்குன கையாலயே என் வண்டிக் கொக்கிய ஆட்டிப் பாத்தான், நான் அவன் வண்டிக் கொக்கிய ஆட்டிப் பாத்தேன், அதுக்கப்பறம் தான் பழத்துல கைய வெச்சோம். அந்தம்மா சொளைய பிச்சிக் குடுத்துக்கினே கேட்டுச்சி: "ஏத்தத்துலயே பிரேக்க புடிச்சிக்கினு வர்ற ஆளுங்கள இப்ப தான்பா பாக்கறேன், உங்களுக்கு இன்னா அவ்ளோ பயம்?"

இப்பல்லாம், சைக்கிள் எடுக்க மனசே வரலன்னு யாராச்சும் கடைக்கு வந்தா நான் டயரத் தொட்டுப் பாக்கறதில்ல, முன்ன உங்க கூட யார் ஓட்டுனாங்கன்னு தான் மொதல்ல கேக்கறேன்.