சனிக்கிழமை போடுவதாகச் சொன்ன இசைத்தட்டு

"1933 ஏப்ரல் 12, பெரிய புதன். இன்றும் கேட்டாள். சனிக்கிழமை என்றேன்." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

கேட்டவள் என் மனைவி. கண்டிக்குப் பக்கத்து ஊரான வத்தேகமவில் எங்கள் வாடகை வீட்டில் சயரோகத்தோடு படுத்து அது ஐந்தாவது மாதம். கேட்டது ஓர் இசைத்தட்டு. செவி மங்கிவந்த காலத்தில் ஒரு ஜெர்மானிய மேதை நான்கு நரம்பு வாத்தியங்களுக்கு எழுதிய இசையில் மெதுவான பகுதி. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவரின் சாமான்கள் கண்டியில் ஏலம் போனபோது நான் எடுத்தது. கோயிற் பாடகர் குழுவில் பாடியவளாதலால் முதல் தடவையிலேயே அவளுக்குப் பிடித்துவிட்டது.

விபூதிப் புதனன்று கிராமபோனை அலுமாரியில் வைத்துப் பூட்டினால், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய சனி காலைப் பூசையில் மணி அடித்த பிறகே வெளியே எடுப்போம். தபசு காலமான அந்த நாற்பது நாளும் வீட்டில் பாட்டில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் நான் இருப்பேன்னு உங்க டயரியில எழுதியிருக்கா?"

"மூணு நாள்தானே."

இருமல் அடங்கியதும், "அந்த மனுசன் இத தன் காதால கேட்டிருப்பாரா?" என்றாள்.

"புத்தகத்தப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"அதுவும் சனிக்கிழமையா?" என்று சிரித்தாள்.

பெரிய வெள்ளி பிற்பகல் கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து வந்தேன். அவளுக்குத் துணையாக இருந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா வாசலில் நின்றார்.

"இப்பத்தான் தம்பி. தண்ணி கேட்டா. எடுத்துட்டு வாறதுக்குள்ள மவுத்தாகிட்டா."

சனிக்கிழமை காலை கோயில் மணி அடித்தபோது சவப்பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்த பின் பங்குச் சுவாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நோயாளி பாட்டுக் கேக்கக் கூடாதுன்னு திருச்சபை எங்க சொல்லியிருக்கு? அது உங்க வீட்டு வழக்கம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

வரலாற்றுக் கட்டுரைகளில் ஒரு தேதியைக்கூட இரண்டு நூல்களில் பார்க்காமல் எழுதாதவன் நான். இப்படி ஒரு விலக்கு உண்டா என்பதை மட்டும் ஒன்றிலும் பார்க்கவில்லை.

அந்த மேதையின் இசை நூறாண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். அந்தத் தட்டை நான் பிறகு போடவில்லை. அவளுடைய மற்றக் கேள்விக்கு விடை தேடினேன். அவர் செவி முழுவதும் போன ஆண்டை என்னிடமுள்ள இரண்டு வரலாறுகளும் வெவ்வேறாகச் சொல்கின்றன. அந்தப் பகுதியை அவர் தம் காதால் கேட்டாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.