ஐந்து கன்னங்கள் வீங்கிய கோடை

காஷ்மீருக்குப் போவது என்று நாங்கள் மூன்று பேரும் முடிவெடுத்தது ஒரு ஜனவரி மாதம். போவதாக இருந்தது அதற்கு மூன்றாவது மே மாதம். எதற்கு இத்தனை இடைவெளி என்று கேட்டால் தஞ்சாவூர்க்காரனுக்குக் கோபம் வந்துவிடும். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய்வர அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு ரயில் கட்டணம் கொடுக்கிறது. அதை அவசரப்பட்டு வீணடிக்கக் கூடாது என்பது அவன் கட்சி.

எழுபதுகளின் கடைசி அது. சரோஜினி நகரில் ஓர் அரசாங்கக் குடியிருப்பின் மாடியில் குடியிருந்தோம். மூவரும் குமாஸ்தாக்கள், ஆளுக்கொரு அமைச்சகம். தஞ்சாவூர்க்காரன் ஒருவன், திருநெல்வேலிக்காரன் ஒருவன், கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆளான நான். தஞ்சாவூர்க்காரன்தான் திட்டக்கமிஷன். ஒரு நீள நோட்டில் காஷ்மீரின் ஏழு நாட்களையும் கால் மணி, கால் மணியாகப் பிரித்து எழுதி வைத்திருந்தான். "5.30 எழுந்திருத்தல். 5.45 ஏரியைப் பார்த்தல். 6.15 மகிழ்தல்" என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். குளிருக்குப் பழக வேண்டும் என்று இரண்டு ஜனவரிகளிலும் எங்களைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தான். கீழ் வீட்டு சர்தார்ஜி எங்கள் அலறலைக் கேட்டு ஒருமுறை தடியுடன் மேலே ஓடி வந்தார்.

அந்த வருஷம் தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. ஆவணியில் கல்யாணம். "இது உன் கடைசி சுதந்திரப் பயணம்டா" என்று தஞ்சாவூர்க்காரன் என் தோளைத் தட்டினான்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் திருநெல்வேலிக்காரன் என்னை உலுக்கி எழுப்பினான்.

"வே, என் மூஞ்சியப் பாரும். ராத்திரி யாரும் அறைஞ்சியளா?"

காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை ஒளித்து வைத்தாற்போல் இருந்தது. டிஸ்பென்சரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். பஞ்சாபி டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

"மம்ப்ஸ்" என்றார். எங்கள் ஊரில் பொன்னுக்கு வீங்கி என்போமே, அதுதான். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, சின்ன வயதில் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"எனக்கு வந்தாச்சு" என்றான் தஞ்சாவூர்க்காரன், ஏதோ பரீட்சையில் பாஸானவன்போல. எனக்கு ஞாபகமில்லை.

"அப்படியானால் மூன்று வாரம் காத்திரு" என்றார் அவர் ஹிந்தியில். "ஷாதி ஹோ கயீ?"

கல்யாணம் இனிமேல்தான், ஆவணியில் என்றேன்.

"அச்சா. வந்தால் கட்டிலைவிட்டு அசையாதே. பெரிய ஆண்பிள்ளைகளுக்கு இது வேறு இடத்திலும் இறங்கும். பின்னால் குழந்தை பிறப்பதில் தொந்தரவு வரலாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஆவணிக்கு இன்னும் எத்தனை வாரம் என்று விரல்விட்டு எண்ணினேன். தஞ்சாவூர்க்காரன் டிக்கெட்டை ரத்து செய்து ஜூன் நடுவில் வேறு வாங்கி வந்தான். நோட்டில் தேதிகளை மட்டும் திருத்தினான். மகிழ்தல் அதே 6.15-தான்.

பதினேழாம் நாள் எனக்கு இடது கன்னம் வீங்கியது. மறுநாள் வலது.

டாக்டர் சொன்னபடி கட்டிலில் படுத்தவன்தான், கொசு கடித்தால்கூட அசையவில்லை. அடுத்த பிளாக்கில் மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். செய்தி கேட்டு வந்தவர் எங்களைத் திட்டினார்.

"பொன்னுக்கு வீங்கிக்குக் கழுத்துல பொன்னு போடணும்னுகூடத் தெரியாதா தம்பி? மூணு பேரு இருக்கீக, ஒரு குந்துமணி தங்கம் இல்லையா வீட்டுல?"

தம் கழுத்திலிருந்த இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். அதில் சிவப்புக்கல் மயில் ஒன்று தோகை விரித்துத் தொங்கியது. மயில் சரியாக வீக்கத்தின்மேல் படவேண்டும் என்று பாதி தூக்கத்தில்கூடத் திருநெல்வேலிக்காரன் வந்து சரிசெய்துவிட்டுப் போவான்.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்ணின் தாய்மாமா வந்து நின்றார். ஏதோ வேலையாக டில்லிக்கு வந்தவர், மாப்பிள்ளையைப் பார்க்காமல் போவதா என்று விலாசம் விசாரித்து வந்துவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு அவர் வரவில்லை. என்னைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

"சொல்லிராதீரும்வே. டாக்டரம்மா சொன்னதக் கேட்டா கல்யாணமே நின்னுரும்" என்று திருநெல்வேலிக்காரன் என் காதில் கிசுகிசுத்தான். காது வேறு வலித்தது.

அவருக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று நான் அறையின் எதிர்மூலையில் போய் உட்கார்ந்தேன். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"போட்டோவுல ஒடிசல் ஒடம்பாத் தெரிஞ்சீங்க மாப்ள. டில்லித் தண்ணி நல்லா ஒத்துக்கிச்சாட்ட இருக்குதுங்க!"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதில் மயில் வெளியே வந்துவிட்டது. அவர் பார்வை அதன்மேல் நின்றது.

"அவங்க அம்மாவோடது" என்றான் தஞ்சாவூர்க்காரன். "அம்மா ஞாபகமா எப்பவும் கழுத்துலயே போட்டிருப்பான்."

"இந்தக் காலத்துல இப்படியும் ஒரு புள்ளைங்களா!" என்று அவர் உருகிப்போனார்.

இத்தோடு முடிந்திருக்கலாம். விருந்தாளி வந்திருப்பது தெரிந்து, மதுரை அக்கா ஒரு பெரிய தூக்கு நிறைய எலுமிச்சம்பழச் சாதம் கொடுத்தனுப்பிவிட்டார். பொன்னுக்கு வீங்கி வந்தவன் புளிப்பை நினைத்தாலே தாடை சுளீர் என்று இழுக்கும். தாய்மாமாவோ, மாப்பிள்ளை சாப்பிட்டால்தான் நானும் சாப்பிடுவேன் என்று அமர்ந்துவிட்டார். ஒரு வாய் வைத்தேன். இரண்டு காதுக்குள்ளும் யாரோ ஆணி அடித்தார்கள். கண்ணீர் தாரையாக ஓடியது.

"ஏனுங்க மாப்ள, கண்ணு கலங்குது?"

"ஊரு ஞாபகம் வந்துட்டு அவருக்கு" என்றான் திருநெல்வேலிக்காரன். "எலுமிச்சஞ்சாதத்தக் கண்டாலே அழுதுருவாரு, பாவம்."

அவர் என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி வைத்தார்.

நான் தேறி எழுந்ததும் சங்கிலி அக்காவிடம் போயிற்று. ஜூன் பயணத்துக்கு நான்கு நாள் இருந்தது. அப்போதுதான் தஞ்சாவூரிலிருந்து கடிதம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் தன் அம்மாவுக்கு எழுதிக் கேட்டிருந்தான். "உனக்கு வந்தது மணல்வாரி. பொன்னுக்கு வீங்கி உன் தம்பிக்கு வந்தது" என்று ஒரே வரியில் பதில். அவன் முகம் வெளுத்துவிட்டது. அக்காவிடம் ஓடிப்போய்ச் சங்கிலியைத் திரும்ப வாங்கி வந்து, வருமுன்னே போட்டுக்கொண்டான். தையல்காரரின் அங்குல நாடாவால் காலையும் மாலையும் கன்னங்களை அளந்து காஷ்மீர் நோட்டிலேயே குறித்தான்.

புறப்பட வேண்டிய அன்று காலை அவன் இடது கன்னம் உப்பியிருந்தது.

"இது பல்வலிடா" என்றான். "ஜல்தி கிளம்புங்க, ரயிலுக்கு நேரமாச்சு."

ரயிலுக்கு அல்ல, டிஸ்பென்சரிக்குத்தான் போனோம். சிலருக்கு ஒரு பக்கத்தோடு நின்றுவிடும், சிலருக்கு மறுபக்கமும் வரும் என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான், அவன் வலது கன்னத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தான். பஸ் ஸ்டாப்பில் நிற்பவனைப்போல ஒரு மாதம் காத்திருந்தான். அது வரவே இல்லை. அது வந்து போகாமல் பயணத் தேதி குறிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். ஜூலையும் போயிற்று.

ஆவணியில் என் கல்யாணம் நடந்தது. தாய்மாமா ஊருக்குப் போய், மாப்பிள்ளை நல்ல புஷ்டி, கழுத்தே தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கில் மாமனார் எனக்குக் கோட்டு தைத்து வைத்திருந்தார். வரவேற்பில் நான் திரும்பினால் கோட்டு சற்றுப் பொறுத்துத்தான் திரும்பியது. பக்கத்தில் நின்ற மணப்பெண் உதடு அசையாமல் கேட்டாள்:

"மாமா டில்லியில பாத்தது உங்களத்தானுங்களா?"

நானும் உதடு அசையாமல் முழுக்கதையையும் சொன்னேன். எலுமிச்சம்பழச் சாதம் வந்த இடத்தில் அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானைக்குள் குனிந்துவிட்டாள். பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று பெரியம்மா ஒருத்தி வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

எனக்குப் பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

அந்த டிசம்பரோடு எங்கள் பயணச் சலுகை காலாவதி ஆக இருந்தது. அது தெரிந்ததும் தஞ்சாவூர்க்காரன்கூட வலது கன்னத்தை மறந்துவிட்டான். டில்லிக்கு வந்த புது மனைவியிடம் காஷ்மீருக்கு நண்பர்களும் கூட வருவார்கள் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"வரட்டுமே" என்றாள். "நாலு பேர் இருந்தாச் சீட்டாடலாமுங்க."

ஆக, அக்டோபரில் எங்கள் தேனிலவுக்கு நான்கு பேராகப் போனோம். தஞ்சாவூர்க்காரன் பெருந்தன்மையோடு நோட்டில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "4.00 முதல் 4.45 வரை: தம்பதிகள் தனிமை." அந்த முக்கால் மணி நேரமும் நண்பர்கள் இருவரும் படகுவீட்டின் பின்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். என் மனைவி அந்த நேரத்தில் தூங்கினாள். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் நான்கு நாள் பெய்தது. படகுவீட்டுக்காரர் கொடுத்த கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடினோம். மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. எல்லா ஆட்டத்திலும் என் மனைவியே ஜெயித்தாள். மழை விட்டு மலை தெரிந்த அன்றுதான் ஊர் திரும்பும் பஸ் இருந்தது. அவள் ஏறமாட்டேன், இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்று அடம்பிடித்தாள். இருந்தோம்.