ஏழாம் கட்டில் அம்மாவின் மூக்கில் இல்லாத கிருமி

தையல் பிரித்த அன்றுதான் முதல் துளி சீழைப் பார்த்தேன். குடல்வால் அறுவை முடிந்து எட்டாம் நாள். அன்று மாலை கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலேறியிருக்க வேண்டியவள். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அறுபதுகளில் பெனிசிலின்மேல் எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கை. இடுப்பில் இடம் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. தையல் போட்ட இடம் வாய் பிளந்துகொண்டது.

இரண்டு நாளில் பக்கத்துக் கட்டில் அஞ்சலைக்கும் சீழ் வைத்தது. குமராட்சிப் பக்கம் நடவு வேலை செய்பவள். வயிற்றைத் திறந்து பிள்ளை எடுத்திருந்தார்கள். அடுத்து ஏழாம் கட்டில் அம்மாவுக்கு. அவருக்குக் கர்ப்பப்பை அறுவை.

"சேத்துல கெடக்கறவ. அவதான் கொண்டாந்திருப்பா" என்று நர்ஸம்மா எங்கள் காதுபடவே சொன்னார். அஞ்சலை பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வார்டைப் பார்த்துக்கொண்ட இளம் லேடி டாக்டர் ஒருநாள் பஞ்சு சுற்றிய குச்சிகளோடு வந்தார். எங்கள் எல்லோர் மூக்கிலும், புண் உள்ளவர்களுக்குப் புண்ணிலும் தடவி எடுத்தார். சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்களாம். மருந்துக்கு அடங்கும் கிருமி வில்லையைச் சுற்றி வளராது. அடங்காதது வில்லையின் ஓரம்வரை வளர்ந்துவிடும்.

முடிவு வருவதற்கு முன்பே ஏழாம் கட்டில் அம்மா இறந்துபோனார்.

எங்கள் மூவர் புண்ணிலும் இருந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் (தோலிலும் மூக்கிலும் சத்தமில்லாமல் குடியிருந்து, புண் கிடைத்தால் சீழ்பிடிக்க வைக்கும் கிருமி). பெனிசிலினுக்கு அடங்காத வகை. அஞ்சலையின் மூக்கிலும் என் மூக்கிலும் அது இருந்தது. எங்கள் இருவரையும் வராந்தாக் கோடியில் ஒரு தனி அறைக்கு மாற்றினார்கள்.

என் கணவர் வாசலில் நின்றபடியே பேசினார். "ஜைனம்பு, யார்ட்டயும் சொல்லாத. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா சேத்துக்க மாட்டாங்க."

"நான் என்ன திருடுனேனா மச்சான்?"

லேடி டாக்டரிடம் ஏழாம் கட்டில் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். அவர் தயங்கினார். "அவுங்க மூக்குல இல்லம்மா. புண்ணுல மட்டுந்தான்."

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்கில் இல்லாதது வயிற்றுக்குள் எப்படிப் போனது? மயக்கம் ஏறும் முன் நான் கடைசியாகப் பார்த்தது, எனக்கு அறுவை செய்த பெரிய டாக்டரின் முகம். கட்டியிருந்த துணி மூக்குக்குக் கீழே தொங்கியது.

மறுநாள் அவரே வந்தார். புண்ணை மறுபடி திறந்து சீழை வடிக்க வேண்டும், கையெழுத்துப் போடு என்றார்.

"எங்க மூக்குல எடுத்தீங்க. ஒங்க மூக்குல எடுத்தாங்களா டாக்டர்?"

"யார்கிட்ட பேசறன்னு தெரியுதா?" என்று நர்ஸம்மா சீறினார்.

"தெரியுது. எங்க மூணு பேரு வயித்தையும் தொறந்தவருகிட்ட. அறுவை அறைக்குள்ள போற எல்லார் மூக்குலயும் எடுங்க. அப்பறம் போடறேன்."

பெரிய டாக்டர் திரும்பிப் போனார். அஞ்சலையிடம் மைப்பெட்டியை நீட்டினார்கள். அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். "டீச்சரம்மா போட்டாத்தான் நானும் வப்பேன்."

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தோம். என் கணவர் அழுதார். எனக்கும் பயம்தான். செத்துவிட்டால் என் பிடிவாதத்தைத்தான் பேசுவார்கள் என்று தெரியும். மூன்றாம் நாள் லேடி டாக்டர் வந்து, "எல்லார்கிட்டயும் எடுத்தாச்சு, என்கிட்டயும்" என்றார். கையெழுத்துப் போட்டேன். அவரே, முகத்துணியைக் கண்வரை இழுத்துக் கட்டிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் சீழை வடித்தார். தட்டில் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கியதோ, அதைப் பாண்டிச்சேரியிலிருந்து வாங்கிவந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பெரிய டாக்டர் தனியாக வந்தார். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என் மூக்குலயும் இருக்கு. அதே மாதிரி. அது போறவரைக்கும் நான் அறுவை அறைக்குள்ள போகல."

அவரிடமிருந்து எங்களுக்கு வந்ததா, எங்களிடமிருந்து அவருக்கா? எவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அதன்பிறகு யாரும் சேற்றைப் பற்றிப் பேசவில்லை. அஞ்சலை என்னைவிட நான்கு நாள் முன்பே பிள்ளையோடு ஊருக்குப் போனாள். நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே போனாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் யாராவது உங்களிடம் பஞ்சுக் குச்சியோடு வந்தால் மூக்கைக் காட்டுங்கள். அது குற்றப்பத்திரிகை இல்லை. ஆனால் அந்தக் குச்சி உங்களோடு நின்றுவிடுகிறதா என்றும் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பினேன். "கிருமியெல்லாம் போயிடுச்சா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"புண்ணு ஆறிடுச்சு. கிருமி இருக்கலாம். ஒங்க மூக்குலயும் இருக்கலாம்" என்றேன்.

உடம்பு எனக்கு மட்டும் சொந்தம் என்ற நினைப்பு அத்தோடு போயிற்று. குணமான நாள் இது என்று எந்த நாளையும் குறிக்க முடியவில்லை. தழும்பின் நடுத்தோல் மரத்துத்தான் கிடக்கிறது. சேலையை அதன்மேலேயே இறுக்கிக் கட்டுகிறேன்.