அருளப்பனுக்காக ஒரு கிளாஸ்

வில்லியனூர் போகும் வழியில், ஒதியம்பட்டில் ஒரு தகரக் கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கேட்கிறேன். பீர் கிடைக்கிறது.

கற்பூரவல்லியும் நார்த்தை இலையும் போட்டு, கொட்டகைக்கார நிர்மலா காய்ச்சிய பீர். போன முறை கசந்துபோனதால் அத்தனையையும் தென்னைக்கு ஊற்றினாராம். இலை வளர்த்துத் தரும் அருளப்பன் சரி என்றால்தான் இந்த முறை பாட்டிலில் அடைப்பாராம். ஆனால் இது தவக்காலம், ஈஸ்டர் வரை அருளப்பன் குடிக்க மாட்டார். அதனால் அவருக்காக நான் குடிக்கிறேன்.

“இன்னா சார், எப்படி இருக்குது?” என்கிறார் அருளப்பன்.

“நல்லா இருக்கு.”

“அத எல்லாரும்தான் சொல்லுவாங்க. எந்த இலை மொதல்ல வருது?”

இன்னொரு மடக்கு குடிக்கிறேன். முதலில் நார்த்தை, விழுங்கிய பிறகு கற்பூரவல்லி என்கிறேன். நான் விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையும் ஏறி இறங்குகிறது.

“சளி மருந்து மாதிரி இருக்குதா?”

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல ஒரு மடக்கு போதவில்லை. இரண்டு குடித்துவிட்டு, இல்லை என்கிறேன். நிர்மலா நகத்தைக் கடிக்கிறார்.

“கடைசியா ஒண்ணு சார். கசப்பு நாக்குல நிக்குதா?”

ருசி பார்த்துச் சொல்லலாம் என்று கிளாஸைத் தூக்குகிறேன். காலி.

அருளப்பன் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறார்.

“பாட்டில்ல ஊத்தும்மா. எனக்கு ஒண்ணு எடுத்து வை. ஈஸ்டர் பூசை முடிஞ்சா நேரா இங்கதான். வூட்டுக்கு அப்புறம் போய்க்கிறேன்.”